உள்ளே போகிறதே என்று நம்பாதீர்கள்: பழைய பிரிட்டிஷ் கார்களின் ஆயில் இணைப்புகளில் பிஎஸ்பி, என்பிடி, யுஎன்எஃப், மெட்ரிக்

எம்ஜி பி, மினி, மோரிஸ் மைனர், ட்ரையம்ஃப் என எந்தப் பழைய பிரிட்டிஷ் காராக இருந்தாலும், ஆயில் பிரஷர் கேஜுக்குக் குழாய் இழுக்கும்போதோ கூலருக்கு ஹோஸ் மாட்டும்போதோ இது என்ன மரை என்ற கேள்வி வந்தே தீரும். போட்டியில் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. பிரிட்டனின் குழாய் மரையான பிஎஸ்பி, அமெரிக்கக் குழாய் மரையான என்பிடி, போல்ட்டு மரையான யுஎன்எஃப், பிற்காலத்தில் வந்து சேர்ந்த மெட்ரிக். எது சிறந்தது என்பது இங்கே பயனற்ற கேள்வி. எதை எதோடு குழப்பிக்கொள்வோம், குழப்பினால் என்ன ஆகும் என்பதுதான் எஞ்சினைக் காப்பாற்றும்.

தவறான ஜோடிகள் இரண்டு வகை. இரண்டு சுற்றில் இறுகி நின்றுவிடுபவை ஒரு வகை. அங்கே ஸ்பேனரை வைக்காமல் நிறுத்தினால் ஒரு பாகத்தின் விலையோடு போகும். இன்னொரு வகை, வழுவழுவென்று உள்ளே போய் இறுகியதுபோல் காட்டிவிட்டு, ஆயில் சூடேறி 60 பிஎஸ்ஐ அழுத்தம் ஏறும்போது கசியும் அல்லது கழன்றுவிடும். பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

ஒரே எஞ்சினில் இத்தனை மரைகள் கலந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. 1841இல் விட்வொர்த் வகுத்த 55 டிகிரி மரையில்தான் (புரியின் இரு சரிவுகளுக்கு இடையிலுள்ள கோணம் அது) பிரிட்டிஷ் தொழில் வளர்ந்தது. 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 டிகிரி பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. 1950களில் கார் கம்பெனிகள் போல்ட்டு, நட்டுகளைப் பெரும்பாலும் அந்தப் பொது மரையின் ஒரு வகையான யுஎன்எஃப்புக்கு மாற்றின. குழாய் இணைப்புகள் மட்டும் பெரும்பாலும் பிஎஸ்பியிலேயே நின்றன. அதனால் ஒரே பிளாக்கில் ஸ்டட்டுகள் யுஎன்எஃப்பாகவும் ஆயில் கேலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) துளைகள் பிஎஸ்பியாகவும் இருப்பது வழக்கம். இந்தியாவில் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சினும், மதராசில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஹெரால்டின் எஞ்சினும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவையே.

இதிலும் ஒரு விதிவிலக்கு. எம்ஜியின் டிசி, டிடி, டிஎஃப் கார்களில் வரும் எக்ஸ்பிஏஜி எஞ்சினில் போல்ட்டின் தலை விட்வொர்த் அளவு, மரையோ எம்8×1 (8 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி 1 மி.மீ. இடைவெளி) போன்ற மெட்ரிக். மோரிஸ் 1923இல் வாங்கிய கவன்ட்ரி தொழிற்சாலை முன்பு பிரெஞ்சுக் கம்பெனியான ஹாட்ச்கிஸ்ஸுடையது. அங்கிருந்த மெட்ரிக் இயந்திரங்களின் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. ஆகவே விட்வொர்த் ஸ்பேனர் பொருந்தினால் விட்வொர்த் மரை என்று முடிவுகட்டக் கூடாது. ஸ்பேனர் தலையைப் பற்றி மட்டுமே சொல்லும்.

அடிக்கடி கைக்கு வரும் அளவுகள் இவை. விட்டம் புதிய பாகத்துக்கு உரியது; தேய்ந்த மரையில் 0.1 முதல் 0.2 மி.மீ. குறைவாகக் காட்டும்.

| மரை | வெளி விட்டம் (மி.மீ.) | அங்குலத்துக்குப் புரி | கோணம் (டிகிரி) |
|---|---|---|---|
| 1/8 பிஎஸ்பி | 9.73 | 28 | 55 |
| 1/8 என்பிடி | முனையில் 10.0, அடியில் 10.3 | 27 | 60 |
| எம்10×1 | 10.0 | 25.4 | 60 |
| 3/8 யுஎன்எஃப் | 9.53 | 24 | 60 |
| 1/4 பிஎஸ்பி | 13.16 | 19 | 55 |
| 1/4 என்பிடி | முனையில் 13.2, அடியில் 13.7 | 18 | 60 |
| 1/2 யுஎன்எஃப் | 12.70 | 20 | 60 |
| எம்14×1.5 | 14.0 | 16.9 | 60 |
| 1/2 பிஎஸ்பி | 20.96 | 14 | 55 |
| 1/2 என்பிடி | முனையில் 20.7, அடியில் 21.3 | 14 | 60 |
| 5/8 பிஎஸ்பி | 22.91 | 14 | 55 |
| 7/8 யுஎன்எஃப் | 22.23 | 14 | 60 |
| எம்22×1.5 | 22.0 | 16.9 | 60 |

புதியவர்களை முதலில் திகைக்க வைப்பது பிஎஸ்பியின் பெயரளவு. 1/4 என்று பெயர் இருக்கும், அளந்தால் அரை அங்குலத்துக்கு மேல் காட்டும். அந்த 1/4 பழைய இரும்புக் குழாயின் உள்துளையைக் குறித்தது. மரையின் வெளி விட்டத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. வெர்னியர் காலிப்பரில் 13.16 கண்டதும் 1/2 அங்குலம் என்று ஆர்டர் கொடுத்தால் 21 மி.மீ. பாகம்தான் வீடு வந்து சேரும்.

சின்ன மரைகள்: கேஜும் பிரஷர் ஸ்விட்சும்

பழைய ஸ்மித்ஸ் மெக்கானிக்கல் கேஜ்களின் பின்புறம் பெரும்பாலும் 1/8 பிஎஸ்பி. எலக்ட்ரிக் கேஜுக்கான சென்டர்கள் (அழுத்தத்தை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் பாகங்கள்) இன்று 1/8 என்பிடியிலோ எம்10×1இலோ வருகின்றன. ஆயில் பிரஷர் இல்லாதபோது விளக்கை எரிய வைக்கும் ஸ்விட்ச் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே 1/8 பிஎஸ்பியும் உண்டு, 1/8 என்பிடியும் உண்டு. மூன்றும் 10 மி.மீ.யை ஒட்டியே இருப்பதால் விட்டத்தை மட்டும் அளந்தால் ஏமாறுவது உறுதி. என்பிடியின் முனையை அளந்தால் அச்சு அசலாக எம்10 போலவே இருக்கும்.

இங்கே 8 புரியின் நீளத்தை அளப்பது நல்ல வழி. 1/8 பிஎஸ்பியில் 7.26 மி.மீ., என்பிடியில் 7.53, எம்10×1இல் 8.0, 3/8 யுஎன்எஃப்பில் 8.47. பிட்ச் கேஜ் (மரையில் பொருத்திப் பார்க்கும் பல் வெட்டிய இலைகளின் செட்) இல்லாதவர்களும் வெர்னியரை வைத்து, ஒரு புரியின் உச்சியிலிருந்து ஒன்பதாவது உச்சிவரை அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ஸ்விட்சில் எட்டுப் புரி இல்லையென்றால் அளவு நம்பத்தக்கதாக இருக்காது; அப்போது பிட்ச் கேஜ்தான் கதி.

கூம்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் உதவும், ஆனால் தனியாகப் போதாது. என்பிடியில் 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் கூடும்; 8 மி.மீ. மரையில் அரை மி.மீ. வித்தியாசம். வெர்னியரின் தாடைகளுக்கு நடுவே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்கே தெரியும். ஆனால் 1/8 பிஎஸ்பியிலும் கூம்பு வகை உண்டு, எம்10×1 சென்டர்களிலும் உண்டு. கூம்பு கண்டவுடன் என்பிடி என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் கூட்டத்தில் தவறு செய்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். பிஎஸ்பி துளையில் 1/8 என்பிடியோ எம்10×1ஓ ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும். அங்கே பலம் காட்டினால் மரை அறுபடும். அலுமினிய ஃபில்டர் ஹெட்டாக இருந்தால் கூம்பு ஆப்படித்ததுபோல் அதைப் பிளந்துவிடும். சில ரூபாய் பெறும் பித்தளை அடாப்டர், ஒருபுறம் 1/8 பிஎஸ்பி ஆண் மரை, மறுபுறம் 1/8 என்பிடி பெண் மரை, கடைகளில் கிடைக்கிறது. பிளாக்கின் துளையை என்பிடி டேப்பால் (மரை வெட்டும் கருவி) திரும்ப வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அடுத்து அந்த எஞ்சினைத் தொடுபவர் பிஎஸ்பி என்று நம்பித்தான் பாகம் வாங்குவார்.

1/4 பிஎஸ்பியும் 1/2 யுஎன்எஃப்பும்

இங்கிருந்துதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. 12.7 மி.மீ. உள்ள 1/2 யுஎன்எஃப் போல்ட்டை 13.16 மி.மீ. பிஎஸ்பி துளையில் விட்டால் லொடலொடவென்று ஆடிக்கொண்டே நாலைந்து சுற்று போகும். 20 புரிக்கும் 19 புரிக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பிறகுதான் பிடிக்கும், இறுக்கம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். பேன்ஜோ போல்ட்டில் (நடுவே துளையிட்டு ஆயிலைக் கடத்தும் போல்ட்டு) இது நடந்தால் புரிகளின் நுனிகள் மட்டுமே சுமையைத் தாங்கும். விரலால் திருகும்போதே ஆட்டம் தெரிந்தால் அது தவறான மரை. தேய்ந்த மரை என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

இங்கே நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. இந்தக் கார்களின் ஆயில் இணைப்புகளில் 19 புரி என்றால் அது பிஎஸ்பி மட்டுமே. 1/4, 3/8 பிஎஸ்பி இரண்டும் 19தான். 3/8இன் விட்டம் 16.66 மி.மீ. பிட்ச் கேஜில் 19 என்ற இலை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்துவிட்டால் மேற்கொண்டு தேட வேண்டாம். ஆகவே 19, 28 இரண்டு இலைகளும் இல்லாத விட்வொர்த் செட்டை வாங்காதீர்கள். 60 டிகிரி செட்டும் கூடவே வேண்டும்.

கூலரும் ஹோஸும்: 14 புரிப் பொறி

பெரிய அளவுகளில் பிட்ச் கேஜும் கைவிட்டுவிடும். 1/2 பிஎஸ்பி, 1/2 என்பிடி, 5/8 பிஎஸ்பி, 7/8 யுஎன்எஃப் நான்குமே 14 புரி. 1/2 என்பிடி ஆண் மரை 1/2 பிஎஸ்பி துளையில் நாலைந்து சுற்று கையாலேயே போய், பிறகு கச்சிதமாக இறுகும். 55க்கும் 60க்கும் உள்ள கோண வித்தியாசத்தால் புரியின் ஓரமாகச் சுருள் வழி ஒன்று திறந்தே இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் கெட்டியான ஆயில் அதில் நிற்கும், சூடானதும் வழியும்.

இதைவிட மோசமானது 5/8 பிஎஸ்பி ஹோஸ் நட்டை 7/8 யுஎன்எஃப் ஆண் மரை உள்ள கூலரில் மாட்டுவது. ரேஸிங் வட்டாரத்தில் இந்த 7/8 யுஎன்எஃப் இணைப்பை டாஷ் 10 என்பார்கள். புரி எண்ணிக்கை ஒன்றே என்பதால் கடைசிவரை தடையின்றி ஏறும். விட்டத்தில் முக்கால் மி.மீ. அளவுக்கு இடைவெளி இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஆனால் அடைப்பு நடக்கும் இடமே வேறு. பிஎஸ்பி ஹோஸின் மூக்கு 30 டிகிரி வெளிக்கூம்பு. அது கூலரின் உட்குழியில் உட்கார வேண்டும். டாஷ் 10 ஆண் பாகத்தில் உட்குழி கிடையாது, 37 டிகிரி வெளிக்கூம்புதான். மூக்கோடு மூக்கு மோதி நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் அடையாது, இறுக்க இறுக்க நட்டின் மரைதான் உரியும். எனவே கூலருக்கு ஹோஸ் வாங்குமுன் மரையைவிட முனையைப் பாருங்கள்: உள்ளே குழிந்திருந்தால் பிஎஸ்பி, வெளியே கூம்பாக நீட்டியிருந்தால் டாஷ் வகை. இதைச் சொல்ல எந்தக் கேஜும் வேண்டாம்.

எம்22×1.5 கூலர்களும் சந்தையில் உண்டு. 16.9 புரி என்பதால் 14 புரி இலையில் உட்காராது. இதில் குழப்பம் குறைவு.

துளையை அளப்பது

பிளாக்கிலுள்ள பெண் மரையை வெர்னியரால் கண்டுபிடிக்க முயல்வது வீண். 1/8 பிஎஸ்பியின் உள்விட்டம் 8.57 மி.மீ.யில் தொடங்குகிறது, 3/8 யுஎன்எஃப்பின் உள்விட்டமும் அதே எல்லைக்குள் விழுகிறது. 1/8 பிஎஸ்பி, 1/8 என்பிடி, எம்10×1, 1/4 பிஎஸ்பி, 1/2 யுஎன்எஃப் ஆகியவற்றில் புதிய பித்தளை பிளக் ஒவ்வொன்று வாங்கிப் பெயர் எழுதி வைத்துக்கொள்வதே நல்லது. துளையைப் பெட்ரோலும் பிரஷும் கொண்டு சுத்தம் செய்து, விரலால் மட்டும் திருகுங்கள். நேர் மரை சரியென்றால் ஆட்டமில்லாமல் முகப்புவரை போகும். கூம்பு பிளக் மூன்று நான்கு சுற்றில் படிப்படியாக இறுகும். ஆட்டமும் திடீர் நிறுத்தமும் தவறான மரையின் அடையாளங்கள். முன்பு யாராவது துளையைத் திரும்ப வெட்டியிருக்கலாம் என்பதால், காரின் வருடத்தையும் மேனுவலையும் மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடைப்பு

நேர் பிஎஸ்பிக்குச் செப்பு வாஷர், ரப்பர் விளிம்புள்ள பாண்டட் வாஷர், அல்லது கூம்பு இருக்கை வேண்டும். மரை தானாக அடைக்காது. கூம்பு மரைக்குத் திரவ சீலன்ட், முதல் இரண்டு புரியை விட்டுவிட்டு. டெஃப்லான் டேப் வேண்டாம். நேர் மரையில் அதனால் பலனில்லை. எங்கே போட்டாலும் பிய்ந்த துணுக்குகள் கேஜ் குழாயின் சிறு துளையை அடைக்கும். ஒற்றை வயர் ஸ்விட்சுக்கு எர்த் அதன் மரை வழியாகவே கிடைக்கிறது. டேப்பைத் தடியாகச் சுற்றினால் அந்த எர்த் போய்விடும், பிரஷர் இல்லாதபோதும் விளக்கு எரியாது. மாட்டி முடித்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

மரை ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் 1/8 பிஎஸ்பிக்கான காயில் இன்சர்ட் (துளைக்குள் திருகும் கம்பிச் சுருள் மரை) முதல் வழி. சுற்றிலும் போதிய உலோகம் இருந்தால் மட்டும் 11.8 மி.மீ. துளையிட்டு 1/4 பிஎஸ்பி வெட்டி, 1/8க்குக் குறைக்கும் புஷ் போடலாம். மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பி, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் வெளியே எடுத்துத் துடையுங்கள். கேலரிக்குள் விழுந்த வார்ப்பிரும்புத் துகள் நேராக பேரிங்கைத்தான் தேடிப் போகும்.