24 லிட்டரா, 200 லிட்டரா? போர்வெல் வீட்டுக்கு ஏற்ற பிரஷர் டேங்க்

போர்வெல் மோட்டாரை நேரடியாக வீட்டுக் குழாய்களோடு இணைக்க நினைப்பவர்கள் கடையில் முதலில் விசாரிப்பது டேங்கின் கொள்ளளவைத்தான். விசாரிக்க வேண்டியதோ, மோட்டார் நின்ற பிறகு அது மறுபடி ஓடத் தொடங்கும்வரை அந்த டேங்க் எவ்வளவு தண்ணீர் தரும் என்பதை. மோட்டார் தள்ளும் தண்ணீரை உள்ளே இருக்கும் ரப்பர் பையில் வாங்கி, பையைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தால் குழாய்க்கு அனுப்புவதுதான் பிரஷர் டேங்க். அதனுள் பெரும்பகுதி காற்றுதான். மோட்டார் 2 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஓடத் தொடங்கி 3 பாரில் நிற்கும்படி பிரஷர் சுவிட்சை வைத்து, காற்றை 1.8 பாருக்கு அடைத்தால், கொள்ளளவில் சுமார் 23 சதவீதம்தான் குழாய்க்கு வரும்.

நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் 1 எச்பி சப்மெர்சிபிள் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 24 லிட்டர் டேங்க் தருவது ஐந்தரை லிட்டர். அரை வாளிகூட இல்லை. குளியலறையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் போய்க்கொண்டிருந்தால் மோட்டார் 17 விநாடி ஓடும், 17 விநாடி நிற்கும். மணிக்கு நூறு தடவைக்கு மேல் சுவிட்ச் 'டக், டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் மோட்டார் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துத்தான் கிளம்புகிறது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) சூடேறுகிறது, கெப்பாசிட்டர் உப்புகிறது. காயில் எரிந்தால் ஆள் வைத்துக் குழாயோடு மோட்டாரை மேலே இழுக்க வேண்டும். விலை குறைவு என்பதற்காக இதைப் போர்வெல்லில் மாட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

100 லிட்டர் டேங்க் 23 லிட்டர் தரும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் அரை எச்பி மோட்டாருக்கு இது போதும். ஓடத் தொடங்கினால் ஒரு நிமிடமாவது ஓட வேண்டும் என்ற கணக்கு அதற்கு நிறைவேறிவிடுகிறது. 40 லிட்டர் மோட்டாருக்கு 200 லிட்டர் டேங்க்தான் சரி. கையில் 46 லிட்டர் கிடைக்கும். இரண்டு 100 லிட்டர் டேங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தாலும் அதே பலன். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும் என்பதால் எனக்கு இதுவே அதிகம் பிடிக்கும்.

தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி வைத்தால் சிறிய டேங்கே போதும், அழுத்தமும் சீராக இருக்கும். ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்குகிற, இடி மின்னல் அதிகமுள்ள ஊர்களில் அதன் மின்னணுப் பலகைக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும்.

கரண்ட் போனால் 200 லிட்டர் டேங்கும் இரண்டு மூன்று வாளித் தண்ணீரோடு நின்றுவிடும். மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டியோ ஒரு நாளை ஓட்டிவிடும். அழுத்தம்தான் அதன் குறை: 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்றால், மேல்மாடிக் குளியலறைக்கு 0.3 பார்கூடக் கிடைப்பது அரிது. ஆகவே தமிழ்நாட்டு வீடுகளுக்கு என் தேர்வு இது: போர்வெல் மாடித் தொட்டியை நிரப்பட்டும், தொட்டிக்குக் கீழே ஒரு சிறு பிரஷர் பம்பும் 24 லிட்டர் டேங்கும் இருக்கட்டும். பம்ப் பழுதானாலும் கையால் கழற்றி மாற்றிவிடலாம்.

எதை வாங்கினாலும் காற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். மோட்டாரை நிறுத்தி, குழாயைத் திறந்து டேங்கைக் காலி செய்த பிறகே அதன் காற்று வால்வில் டயர் கேஜை வைக்க வேண்டும். 1.8 பார் இருக்க வேண்டிய இடத்தில் 1 பார்தான் என்றால், 200 லிட்டர் டேங்கின் 46 லிட்டர் 33 ஆகச் சுருங்கும். வால்வின் ஊசியை அழுத்தும்போது தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. காற்றடித்துப் பயனில்லை, பையைத்தான் மாற்ற வேண்டும்.