46,500 ரூபாய்க்கு ஐ7: பாட்டுப் பதிவுக்கு கம்ப்யூட்டர் எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கடையிலிருந்து திரும்பி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே வாங்கிய கம்ப்யூட்டர் பெட்டியை பைக்கில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனேன், அதே கயிறோடு திரும்பக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயரைப் போடப்போவதில்லை. திருநெல்வேலியில் அசெம்பிள் செய்து தருகிற மாடிக் கடை, அவ்வளவு போதும். கையை விட்டுப் போன 46,500 ரூபாய் என்னுடையது.

நான் பகலில் கணக்கு எழுதுகிறவன். ராத்திரி வீட்டில் பாட்டு. எங்கள் பக்கம் அம்மன் கோயில், சுடலை கோயில் கொடைத் திருவிழா என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் முடியாது. சேரன்மகாதேவிப் பக்கத்துக் குழு ஒன்று, தங்கள் பாட்டை ஒழுங்காகப் பதிந்து யூடியூபில் போட வேண்டும் என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது 4 ஜிபி ரேம் லேப்டாப். தனித்தனியாகப் பதிகிற ஒலி வரிசை, அதாவது டிராக், மூன்றுக்கு மேல் போனால் மூச்சு வாங்கும். வீட்டுக்காரி சீட்டு எடுத்துக் கொடுத்தாள். மகள் பள்ளிக்கூடச் செலவுக்கு என்று வைத்திருந்த சீட்டு அது.

நான் ஏமாந்தது விலையில் இல்லை. அந்த அரை மணி நேரப் பேச்சில்.

கடைக்கார அண்ணாச்சி முதலில் கேட்டதே, "என்ன வேலைக்கு தம்பி?" என்றுதான். பாட்டுப் பதிவு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. காலேஜ் காலத்தில் கச்சேரியில் கீபோர்டு வாசித்தாராம். மேசையில் பேனாவால் தாளம் போட்டுக் காட்டினார், தாளம் சுத்தமாக இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. டீயும் உளுந்தவடையும் வந்தது. "சத்த வேலைக்கு ஐ7 போட்டாத்தான் தாங்கும் தம்பி. கிராஃபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணும், இல்லாட்டா மிக்ஸிங்ல சிக்கும். நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதிய, நான் பாத்துக்கிடுதேன்." பாட்டு தெரிந்த மனுஷன், நமக்குப் போய் மோசம் பண்ணுவாரா என்று நினைத்தேன். ஐ7 என்பது இன்டெல் ப்ராசஸரின் ரகப் பெயர்தான், அதில் எந்தத் தலைமுறை என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

துண்டுச் சீட்டில் எழுதினார்: ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கார்டு, லைட் கேபினெட். கீழே 46,500. பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 பெர்சன்ட் ஜிஎஸ்டி ஏறும் தம்பி, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். அதற்கும் தலையாட்டினேன். ஒரு வருஷ வாரண்டி என்பது வாய்ச்சொல்.

முதல் பதிவு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. வில், அதை அடிக்கிற வீசுகோல், உடுக்கை, குடம், ஜால்ரா எல்லாம் என் வீட்டு முன்னறையில். பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்கிற சத்தத் துண்டின் அளவை, 128 சாம்பிளில் வைத்துத் தொடங்கினேன். செகண்டுக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அதனால் வரும் தாமதம் 3 மில்லி செகண்டுக்கும் குறைவு, காதுக்குத் தெரியாது. ஆனால் நான்காவது டிராக்கில் ரிவெர்ப் என்கிற எதிரொலி எஃபெக்ட் போட்டதுமே எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று சத்தம். 256, 512 என்று ஏற்றி 1024இல் நிறுத்தினால்தான் வெடிப்பு நின்றது. ஆனால் 1024 என்றால் 23 மில்லி செகண்ட். உள்ளே போக ஒரு தடவை, வெளியே வர ஒரு தடவை. கிட்டத்தட்ட 46. குழுவின் தலைமைப் பாடகர் புலவர் ஐயா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "தம்பி, நான் வீசுகோல் அடிக்கது ஒரு பக்கம், காதுல கேக்கது ஒரு பக்கமால்லா போவுது" என்றார். அவருக்கு மில்லி செகண்ட் தெரியாது. தாளம் தெரியும்.

மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியில், சத்தத்தை நேரே ஹெட்போனுக்கு அனுப்புகிற டைரக்ட் மானிட்டரைப் போட்டு அன்றைக்கு ஒப்பேற்றினோம். ஆனால் கீபோர்டில் நாதஸ்வர சாம்பிளை வாசிக்கும்போது அந்த வித்தை பலிக்காது. அந்தச் சத்தம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்துதானே வர வேண்டும். போதாததற்கு, கேபினெட்டில் மூன்று வண்ண விளக்கு ஃபேன். சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக்கில் அந்த ஃபேனின் 'ம்ம்ம்' எல்லா டிராக்கிலும் விழுந்திருக்கிறது. பாட்டுக்கு என்று சொல்லி வாங்கிய பெட்டிக்கு இரைகிற ஃபேன்!

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் போனில், "விண்டோஸ் அப்டேட் ஓடும், ரெண்டு நாள் விட்டுப் பாருங்க." இரண்டாவது தடவை, "உங்க இன்டர்ஃபேஸ்தான் கோளாறு." அதே இன்டர்ஃபேஸ் பழைய லேப்டாப்பில் நன்றாக வேலை செய்கிறது என்றேன். "அப்ப சாஃப்ட்வேர் கிராக்கா இருக்கும்." திருட்டுக் காப்பி இல்லை, காசு கொடுத்து வாங்கிய ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் அது. மூன்றாவது தடவை நேரில் போனால் கடைப் பையன், "அண்ணாச்சி திருச்செந்தூர் போயிருக்காவ." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் போனை எடுத்து, "டீ குடிச்சிட்டிருக்கேன் தம்பி, கூப்பிடுதேன்" என்றவர்தான். இன்னும் அந்த டீ தீரவில்லை.

முந்தாநாள் மச்சினன் வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். உள்ளே எந்த ப்ராசஸர் என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். "அத்தான், இது 3770. மூணாந் தலைமுறை. 2012ல வந்தது." பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் எச்61 சிப்செட் வைத்த மதர்போர்டு. அதில் ரேம் இடம் இரண்டுதான், 16 ஜிபிக்கு மேல் ஏறாது. அதுவும் பழைய டிடிஆர்3 ரக ரேம். அந்த சிப்செட்டில் சாட்டா 3 என்கிற வேகமான டிஸ்க் இணைப்பு கிடையாது, எனவே எஸ்எஸ்டி தன் பாதி வேகத்தில்தான் ஓடும். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்கிறது. இதில் அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து ஏற்றியிருக்கிறார்கள். டிஸ்க் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டுகிற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தோம். 'புத்தம் புதுசு' எஸ்எஸ்டி ஏற்கெனவே 11,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. நான் வாங்கி மூன்று வாரம் ஆகிறது, அதாவது ராப்பகலாக ஓட்டினாலும் 504 மணி நேரம்.

அந்த 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு? பாட்டு மிக்ஸிங் ஓடுவது ப்ராசஸரில். கார்டு இல்லாவிட்டாலும் என் வேலைக்கு ஒன்றும் குறையாது.

ஒன்று சொல்ல வேண்டும். 3770 குப்பை இல்லை. பழசு, இன்ன விலை என்று சொல்லிக் கொடுத்திருந்தால், நாலு டிராக் பழகுகிற பையனுக்கு வாங்கிக் கொடுக்கலாம். பழைய சாமானைப் புதுசு என்று சொல்லி 46,500 வாங்கினதுதான் வயிறு எரிகிறது.

இன்று நேரில் பிடித்துவிட்டேன். டாஸ்க் மேனேஜர் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க ஐ7தானே கேட்டிய? ஐ7தானே தந்திருக்கேன்?" நான் வாயடைத்துப்போனேன். திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னால், பழசுக்கு 9,000 தருவாராம். அவர் வாயாலேயே பழசு! சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைக் காட்டினார். பக்கத்திலேயே அவர் கீபோர்டு வாசிக்கிற போட்டோ.

எப்படித் தேர்வு செய்வது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, ஞாபகம் வருவதை மட்டும் சொல்கிறேன். ஐ5, ஐ7 என்பதைக் கேட்காதீர்கள், அதற்குப் பின்னால் வருகிற எண்ணைக் கேளுங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. புது ஐ5 பழைய ஐ7ஐ எளிதாகத் தாண்டும். கார்டுக்குப் போடுகிற காசை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் சத்தம் போடாத ஃபேனுக்கும் போடுங்கள். கடையிலேயே ஆன் செய்து டாஸ்க் மேனேஜரைப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் படி இறங்காதீர்கள். டீ கொடுத்தால் குடியுங்கள், குடித்துவிட்டு எண்ணைக் கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் புகாரைப் பதிந்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லை, ஆனால் 46,500ம் ஜிபேயில் போனது. துண்டுச் சீட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது, வாட்ஸ்அப் பேச்சையும் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.

புலவர் ஐயாவுக்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. "பாட்டு வந்துட்டா தம்பி?" என்று காலையில்கூட கேட்டார்.