சவரக்கத்தி தீட்ட: நீர்க்கல்லா, பசை பூசிய தோல்வாரா?

மடக்குச் சவரக்கத்தி வாங்கியவர்கள் அடுத்து குழம்புவது இதில்தான்.

செலவு: கல் ஒன்று போதாது. வாயை (வெட்டும் விளிம்பை) உருவாக்க 1000, இடையில் 4000, மெருகுக்கு 8000 என மூன்று வேணும்; இவை விலையல்ல, கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்கள், எண் கூடினால் கல் நைசு. தோல்வாரும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையும் அதைவிடச் சல்லிசு.

கைவேலை: கல்லில் தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரப் படியும்படி படுக்க வைத்து, வாய் முன்னே போகத் தள்ளணும்; முதுகு கொஞ்சம் தூக்கினாலும் கோணம் போச்சு. தோலில் நேரெதிர், முதுகுதான் முன்னே. வார் தொய்யக்கூடாது, அழுத்தவும் கூடாது, திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்டணும், இல்லையென்றால் தோல் கிழியும்.

பலன்: வாயில் சின்னப் பல் விழுந்திருந்தாலும் கல் சரியாக்கும். தோல்வார் லேசான மழுங்கலுக்கு மட்டும். பசையிலேயே ரொம்ப நாள் ஓட்டினால் வாய் உருண்டு, கடைசியில் கல்லுக்குத்தான் வரணும்.

பராமரிப்பு: கல் நடுவில் குழியும், அவ்வப்போது சமப்படுத்தணும். தோலுக்கு நம்ம மழைதான் எதிரி. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் நம்மது, காற்றோட்டமில்லாமல் தொங்கவிட்டால் பூசணம்தான். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு, அதனால் எதில் தீட்டினாலும் கத்தியை ஈரமில்லாமல் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.

தாத்தா காலத்துக் கத்தியை மீட்க நினைத்தால் கல். ஏற்கெனவே நன்றாக மழிக்கிற கத்தி என்றால் தோல்வார் போதும், தினமும் பசையில்லாத பக்கம், இழுவை தெரிந்தால் மட்டும் பசைப் பக்கம்.