கல்லடி ரேடியேற்றர் கடை: பழைய மொறிஸ் மைனர் கார் வைத்திருப்போருக்கு

எஞ்சின் தண்ணியை ஆற்றும் ரேடியேற்றரின் மேல்தாங்கியை ஈயம் உருக்கித் திறந்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டு இடித்துத் துப்பரவாக்கும் கடைகள் இப்ப குறைவு. இங்கே அதை ஒழுங்காகச் செய்கிறார்கள். உவர்க் கிணற்றுத் தண்ணி ஊற்றி ஊற்றிக் கல்லுப் பிடித்த ரேடியேற்றருக்கு இதுதான் வழி. முழுக்க அடைத்த குழாய்க்குள் அசிட் இறங்காது.

கழற்றமுன் ஒன்றைப் பாருங்கள். நின்ற இடத்தில் மட்டும் எஞ்சின் சூடேறினால் விசிறி பெல்ட்டையோ டைமிங்கையோ (தீப்பொறி விழும் நேரம்) பாருங்கள். ஓட ஓட ஏறினால்தான் ரேடியேற்றரில் கை வையுங்கள். ரேடியேற்றரின் கீழ் ஓஸ் (இறப்பர்க் குழாய்) உள்ளே சப்பளிகிறதா என்பதையும் பாருங்கள்.

கடையின் குறை, ரேடியேற்றர் மூடி. மைனர் 1000க்கு 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடி போதும். இவர்கள் ஜப்பான் வான்களின் 0.9 பார் மூடியை மாட்டிவிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட 13 பிஎஸ்ஐ; பழைய ஈயப்பற்று மூலையில் கசியும். மூடியை நீங்களே கொண்டுபோங்கள். தெர்மோஸ்டாற்றை (சூட்டுக்கேற்பத் தண்ணி ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறியச் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.