மான் வேட்டைக்கு எந்தக் கருமருந்து ரிவால்வர்: வாக்கரா, கோல்ட் ஆர்மியா, ரெமிங்டனா, ரூகரா?

அமெரிக்காவில் வெள்ளைவால் மானைக் கருமருந்து (பழைய காலத்துக் கரிய வெடிமருந்து) ரிவால்வரால் வேட்டையாடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இதில் தோட்டா என்று தனியாக எதுவும் கிடையாது. உருளையில் இருக்கும் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈய உருண்டையை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் அழுத்தி இறக்க வேண்டும். அறையின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சிறு முனையில் செம்புக் கேப் ஒன்றை மாட்ட வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கிற கேப்புக்கு வீரியமான அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் அதன்மேல் விழுந்தால் பொறி உள்ளே போய் மருந்தைக் கொளுத்தும்.

ரூகரைத் தவிர மற்றவற்றை 1840-களிலிருந்து 60-கள் வரை செய்தது போருக்காக. போரில் ஆறு குண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தாக வேண்டும். மான் வேட்டையில் முதல் குண்டு மட்டுமே கணக்கு. அது தவறினால் மான் ஓடிவிடும். அரைகுறையாகப் பட்டால் காட்டுக்குள் கிடந்து துடித்துச் சாகும். அதனால் போர்க்களத்தில் வாங்கிய நற்பெயரை ஓரமாக வைத்துவிட்டு, முதல் குண்டை மட்டும் வைத்தே இவற்றை எடைபோடுகிறேன்.

முதலில், பட்டியலிலேயே சேர்க்கக் கூடாத ஒன்று: 1851 கோல்ட் நேவி. பழைய அமெரிக்க மேற்கின் பேர்போன துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் இடுப்பில் இருந்தது என்பதால் பலருக்கும் அதன்மேல் ஒரு கண். கையில் அவ்வளவு அழகாக உட்காரும் துப்பாக்கி வேறு இல்லை என்பதும் உண்மை. ஆனால் அதன் 0.36 அங்குல உருண்டையின் எடை சுமார் 80 கிரெய்ன், அதாவது ஐந்து கிராம் சொச்சம். அடிக்கும் வலு 150 அடி-பவுண்டு பக்கம்தான் (ஒரு பவுண்டு எடையை ஓர் அடி தூக்கும் ஆற்றல் ஓர் அடி-பவுண்டு). வளர்ந்த மானின் மேல் அதை நீட்டுவது அந்த உயிருக்குச் செய்கிற கொடுமை. பித்தளைச் சட்டம் (உருளையையும் குழலையும் தாங்கும் உடற்கூடு) போட்ட இன்றைய மலிவு நகல்களும் வேண்டாம். முழு மருந்து போட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தால் சட்டம் இழுபட்டுத் தளர்ந்துவிடும். மானுக்கு முழு மருந்து வேண்டும். ஆகவே எஃகுச் சட்டம்தான்.

வலு என்று பார்த்தால் 1847 வாக்கர்தான் ராஜா. டெக்சஸ் ரேஞ்சர் படையின் கேப்டன் சாமுவேல் வாக்கர் யோசனை சொல்ல, சாமுவேல் கோல்ட் செய்து கொடுத்தது. ஓர் அறைக்கு 60 கிரெய்ன் மருந்து பிடிக்கும். 140 கிரெய்ன் உருண்டையை வினாடிக்கு 1,100 அடிக்கு மேல் தள்ளும். வலு 400 அடி-பவுண்டுக்கு அருகில், சில நேரம் அதற்கு மேலும் போகும். மற்ற எதுவும் இதன் பக்கத்தில் வராது. அந்தக் காலத்து இரும்பு இந்த மருந்தைத் தாங்காமல் பல உருளைகள் வெடித்தன. இன்று இத்தாலியில் உபெர்ட்டி செய்யும் நகல்கள் நல்ல எஃகு, அந்தப் பயம் இல்லை.

ஆனால் எடை இரண்டு கிலோ, குழல் ஒன்பது அங்குலம். மரத்தடியில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிச் சுடுகிறவருக்கு இந்த எடை துணைதான். நின்றபடி நீட்டிப் பிடித்தால் சில நொடிகளில் முனை ஆட ஆரம்பிக்கும். அப்புறம் அந்த நெம்புகோல். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு சின்ன வில் மட்டும்தான் உண்டு. உதைப்பு வந்ததும் நெம்புகோல் கீழே தொங்கி, அதன் உந்துதண்டு உருளைக்குள் நுழைந்து சுழலவிடாமல் செய்துவிடும். அந்தக் காலத்திலேயே தோல்வாரால் கட்டிவைத்தார்கள், இன்றும் அதுதான் வழி. 1848-இல் வந்த டிராகூனில் முனையில் ஒரு கொக்கி வைத்து கோல்ட் இதைச் சரிசெய்துவிட்டார். மருந்து 50 கிரெய்னுக்குக் குறைந்தது, எடையும் கொஞ்சம் இறங்கியது. வாக்கர் மேல் ஆசை இருப்பவர்கள் டிராகூனை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம்.

உண்மையான போட்டி 1860 கோல்ட் ஆர்மிக்கும், 1858 என்று எல்லோரும் சொல்கிற ரெமிங்டனுக்கும்தான். 1858 என்பது குழலில் பொறித்திருக்கும் காப்புரிமை ஆண்டு. நியூ மாடல் ஆர்மி வெளிவந்தது உள்நாட்டுப் போர் நடக்கும்போது. இரண்டும் 0.44. 30 முதல் 35 கிரெய்ன் மருந்து, வலு 200 முதல் 250 அடி-பவுண்டு. எண்ணில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் உடம்பில் இருக்கிறது.

கோல்ட்டுக்கு மேல்பக்கம் திறந்தவெளி. குழலை உடம்போடு பிடித்துவைப்பது ஓர் ஆப்பு. குறிபார்க்கும்போது கண்ணுக்கு அருகே இருக்க வேண்டிய பின்குறி எங்கே இருக்கிறது தெரியுமா? சுத்தியலின் தலையில் வெட்டிய ஒரு பள்ளம். சுத்தியலை முழுதும் இழுத்தால்தான் குறியே தெரியும், அது அசைகிற உறுப்பு வேறு. போதாததற்கு, 25 கஜத்தில் குறிவைத்தால் உருண்டை பல அங்குலம் மேலே போய்ப் படும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் எட்டு அங்குல வட்டம்தான். அதில் நாலைந்து அங்குலம் மேலே போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்குறியை உயரமாக மாற்றி வைக்காமல் கோல்ட்டைக் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

ரெமிங்டனில் உருளைக்கு மேலே எஃகுப் பட்டை ஓடி, சட்டம் முழுவட்டமாக மூடியிருக்கிறது. பின்குறி அந்தப் பட்டையிலேயே, அசையாமல். டார்கெட் என்ற வகையில் திருகி ஏற்றி இறக்கும் பின்குறியும் கிடைக்கும். 25 கஜத்தில் சுட்டுப் பார்த்து, குறி வைத்த இடத்திலேயே உருண்டை விழும்படி செய்துகொள்ளலாம்.

கோல்ட் ரசிகர்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: ரெமிங்டனின் உருளை அச்சு மெல்லிசு, கரி படிந்தால் சீக்கிரம் இறுகும், கோல்ட்டின் தடித்த அச்சில் உள்ள பள்ளங்களில் கிரீஸ் தங்கும், அதனால் கோல்ட் நீண்ட நேரம் சுழலும். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அது இருபது, முப்பது குண்டு சுடுகிறவனின் கவலை. மானுக்கு ஒன்றோ இரண்டோ சுடுகிறவனுக்கு அது பொருட்டே இல்லை. வெடித்த கேப்பின் சில்லு சுத்தியல் பள்ளத்தில் விழுந்து சிக்கிக்கொள்ளும் தொல்லையும் கோல்ட்டில்தான் அதிகம். எனக்கு ரெமிங்டன்தான்.

அதற்கும் ஒரு படி மேலே ரூகர் ஓல்ட் ஆர்மி. 1972-இல் வந்து 2008-இல் நிறுத்தப்பட்டது. இது எந்தப் பழைய துப்பாக்கிக்கும் நகல் இல்லை. தோட்டா போடும் ரூகர் ரிவால்வரின் உடம்பை எடுத்துக் கருமருந்துக்கு மாற்றியது. உள்ளே தட்டை வில்லுக்குப் பதில் சுருள்வில். 40 கிரெய்ன் மருந்தோடு 0.457 உருண்டையைப் போட்டால் 300 அடி-பவுண்டு பக்கம் வரும். துருப்பிடிக்காத எஃகு வகையும் உண்டு. கருமருந்துக் கரி ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் இரும்பை அரிக்கும் என்பதால் அது பெரிய ஆறுதல். ஆனாலும் அன்றைக்கே வெந்நீரில் கழுவத்தான் வேண்டும். குறை, இப்போது பழையது மட்டுமே கிடைக்கும். அதுவும் புது இத்தாலிய நகலைவிட விலை கூடுதல்.

எதை வாங்கினாலும் உருண்டையை இறக்கும்போது அறையின் வாயைக் கவனியுங்கள். உருண்டை அறையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். நெம்புகோலை அழுத்தும்போது ஈயம் சீவப்பட்டு, மெல்லிய முழு வளையமாக வெளியே வர வேண்டும். வளையம் பாதியோடு நின்றாலோ, வராமலே போனாலோ உருண்டை சின்னது. அது உதைப்பில் முன்னால் நகர்ந்து உருளையைப் பூட்டிவிடும். பக்கத்து அறைகளும் சேர்ந்து தீப்பிடிக்க வழி விடும். வாக்கரைத் தவிர மற்றவற்றின் வேகத்தில் இந்த ஈய உருண்டை பெரிதாக விரியாது, துளை போட்டுக்கொண்டு போகும். ஆகவே பக்கவாட்டில் நிற்கும் மானின் விலா மட்டுமே இலக்கு. தோள் எலும்பு வேண்டவே வேண்டாம். 25 கஜத்துக்கு மேலும் வேண்டாம். சுட்டதும் வெள்ளைப் புகை கண்ணை மறைக்கும். மான் எந்தப் பக்கம் போனது என்பதைப் புகை கலையும்வரை காதால்தான் பிடிக்க வேண்டும்.

முதல் குண்டுதான் கணக்கு என்றால் 0.50 ஒற்றைக்குழல் கைத்துப்பாக்கியே மேல் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன் உருண்டை 177 கிரெய்ன், உருளைக்கும் குழலுக்கும் நடுவே புகை கசியும் இடைவெளியும் இல்லை. நான் ரிவால்வர் பக்கம் நிற்பதற்கு ஒரே காரணம், காயம்பட்ட மானுக்கு உடனே கொடுக்க வேண்டிய இரண்டாவது குண்டு. ஆனால் வேட்டைச் சட்டவிதிகள் என் பக்கம் எப்போதும் நிற்பதில்லை. கருமருந்துத் துப்பாக்கிகளுக்கென ஒதுக்கிய வேட்டைப் பருவத்தில் ஒற்றைக்குண்டு மட்டும் என்று சொல்லும் மாநிலங்கள் உண்டு. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பருவத்தில் சக்கிமுக்கித் துப்பாக்கி மட்டும்தான், கேப் போடுகிற எதற்கும் இடமில்லை. குறைந்தபட்ச விட்டமும் வலுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காசைக் கொடுப்பதற்கு முன் உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் இந்த ஆண்டுக் கையேட்டை எடுத்து, கைத்துப்பாக்கிப் பகுதியையும் கருமருந்துப் பகுதியையும் இரண்டையும் படித்துவிடுங்கள்.