உள்ளூர் மொழி தெரியாமல் கோடை வேலை: வொர்க்அவே எந்த அளவுக்கு உதவும்?

வொர்க்அவே (Workaway) என்பது உழைப்புக்குப் பதிலாகச் சாப்பாடும் தங்குமிடமும் தருபவர்களை வெளிநாடுகளில் தேடிக்கொள்ள உதவும் இணையதளம். அதில் உள்ளூர் மொழி தெரியாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, வேலை தருபவரின் பக்கத்தில் உள்ள 'பேசும் மொழிகள்' பகுதி. அங்கே அவருடைய ஆங்கிலம் அரைகுறை என்று இருந்தால் தோட்ட வேலை, பெயின்ட் அடிப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது சரிப்படும். வரவேற்பு மேசை வேண்டவே வேண்டாம்.

அந்தப் பகுதியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சரளமான ஆங்கிலம் வேலை தருபவருக்கு இருக்கலாம். காலையில் மண்வெட்டியைக் கையில் கொடுக்கும் மேஸ்திரிக்கு ஒரு சொல்கூடத் தெரியாமல் இருக்கலாம். "தினமும் வேலை சொல்வது யார், எந்த மொழியில்?" என்று முதல் செய்தியிலேயே கேட்டுவிடுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள். முன்பு தங்கியவர்களின் கருத்துகளில், உங்களைப் போலவே மொழி தெரியாமல் போனவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். மற்ற பாராட்டெல்லாம் அப்புறம்.

சம்பளம்? பெரும்பாலும் கிடையாது. நாளுக்குச் சுமார் 5 மணி நேரம், வாரத்தில் 5 நாள் உழைப்புக்குச் சாப்பாடும் தங்குமிடமும். தளத்துக்குக் கட்டும் சந்தா தனி. பணம் சேர்க்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

பெரிய சிக்கல் விசாதான். கூலியில்லா உழைப்பையும் பல நாடுகள் வேலையாகவே பார்க்கும். சுற்றுலா விசாவில் போனால் எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம். அந்த நாட்டுத் தூதரகத்தில் விசாரித்துவிட்டுச் சந்தா கட்டுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த மொழியைக் கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள். பண்ணைகளில் பல நேரம் சிக்னல் இருக்காது.