கள்ளி வாங்கப் போய்க் கள்ளனிடம் மாட்டினேன்: 4,800 ரூபாய் போச்சு

கை இன்னும் ஸ்பிரிட் நாற்றமடிக்கிறது, விரலெல்லாம் முள். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் ‘விடு, போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், என்னைத் தெரியும்.

சமூக வலைத்தளத்தில் நேரலை போட்டுக் கேக்டஸ் விற்பவர். பெயர் போடப் போவதில்லை. இன்றைக்கு ஒரு பெயர், நாளைக்கு இன்னொரு பெயர் என்று கணக்கு மாற்றிக்கொண்டே இருக்கிற ஆள், பெயரைச் சொல்லி என்ன பயன்? 12 செடி, 4,800 ரூபாய். மாமில்லேரியா, ஜிம்னோகேலிசியம், ஆஸ்ட்ரோஃபைட்டம், ஒரு ஃபெரோகேக்டஸ், கூடவே ஒட்டுப்போட்ட சிவப்பு உருண்டை இரண்டு.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. “வேரைக் காட்டுங்க” என்று கேட்டேன். உடனே ஒரு செடியைத் தொட்டியிலிருந்து உருவி, மண்ணை உதிர்த்து, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பளிச்சென்று வெள்ளை வேர், நுனிவரை உயிரோட்டம். “பாத்துக்கோங்கக்கா, வேர் பேசும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னார்: “வந்த உடனே மண்ணை மாத்திடாதீங்கக்கா. பயணக் களைப்புல இருக்கும். ஒரு மாசம் அப்படியே விடுங்க.” ஆகா, விற்றதோடு விடாமல் செடிமேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். அந்த அக்கறைதான் என் 4,800 ரூபாயைத் தின்றது.

பெட்டி வந்தது. மேலே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாமில்லேரியாவில் அழகான மஞ்சள் பூகூட இருந்தது. நான்கு நாளாகியும் வாடவில்லை, மூடவில்லை, ஒரே மாதிரி விரிந்தபடியே நிற்கிறது. விரலால் தட்டினேன், கையோடு வந்துவிட்டது. அடியில் சூட்டுப் பசை! காய்ந்த பூவைக் கொண்டுவந்து செடியின் தலையில் ஒட்டியிருக்கிறார். அப்போதே எல்லாச் செடியையும் உருவிப் பார்த்திருக்க வேண்டும். ‘ஒரு மாசம் தொடாதீங்க’ காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு தொட்டியின் அடித் துளையில் வெள்ளையாக ஏதோ பஞ்சுபோலத் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். “அது பெர்லைட்க்கா.” பெர்லைட் எனக்குத் தெரியாதா? அது மண்ணில் கலக்கிற கடினமான வெள்ளைக் குருணை, நசுக்கினால் உலர்ந்த தூளாகும். இதை நசுக்கினால் மெழுகும் ஈரமுமாகக் கையில் ஈஷிக்கொண்டது. செடியை உருவினேன். வேர் மாவுப்பூச்சி, மண்ணுக்குள் இருந்து வேர்ச்சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. வேரெல்லாம் வெள்ளைப் பஞ்சு, தொட்டியின் உள்சுவரில் மாவு அப்பியதுபோல். போதாக்குறைக்கு வேர்க்கட்டின் நடுவே நாற்றங்காலில் நாற்றின் வேரைச் சுற்றிப் போட்ட வலைப்பை அப்படியே இறுகிக் கிடக்கிறது, அதற்குள் ஈரம் காயாத தென்னை நார்த்தூள். கள்ளி வேர் அதில் அழுகாமல் என்ன செய்யும்?

மறுபடி எழுதினேன். பதில்கள் வந்த வரிசையிலேயே தருகிறேன்: “நீங்க தண்ணி அதிகமா ஊத்திருக்கீங்க.” “பெட்டி பிரிக்கிற வீடியோ இருக்கா?” “புகார் 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும் மேடம்.” கவனித்தீர்களா, அக்கா மேடம் ஆகிவிட்டேன். ஒரு மாதம் மண்ணைத் தொடக் கூடாதாம், புகார் மட்டும் ஒரு நாளைக்குள் சொல்ல வேண்டுமாம்! இதைக் கேட்டதும் என் எண்ணை முடக்கிவிட்டார். 4,800 ரூபாய்.

வேறொரு எண்ணிலிருந்து அவருடைய பழைய நேரலைகளைப் பார்த்தேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் வேர் காட்டுகிறார். ஒரே செடி. உச்சியில் ஒரு முள் ஒடிந்திருக்கும், அதே செடி.

12இல் ஏழு போய்விட்டது. ஜிம்னோகேலிசியத்தைக் காப்பாற்றலாம் என்று அடியிலிருந்து சீவிச் சீவிப் பார்த்தேன். வெட்டிய இடத்தின் நடுவில் இருக்கும் வட்டத்தில் பழுப்புப் புள்ளி தெரிகிறவரை அழுகல் இருக்கிறது என்று அர்த்தம். சீவச் சீவப் புள்ளி மேலே ஏறிக்கொண்டே போனது, கடைசியில் கையில் ஒரு எலுமிச்சை அளவுதான் மிச்சம், அதிலும் புள்ளி. சிவப்பு உருண்டைகள் இரண்டும் அடிக்கட்டை அழுகிச் சாய்ந்துவிட்டன. அந்த உருண்டைக்குப் பச்சையமே கிடையாது, சொந்தமாக உணவு தயாரிக்க முடியாது, கீழே இருக்கும் கட்டை போனால் அதுவும் போச்சு. “பத்து வருஷம் நிக்கும்” என்றுதான் விற்றார்.

இதில் என் தப்பும் உண்டு. புதுச் செடிகளைப் பழையவற்றோடு ஒரே தட்டில் வைத்தேன். தட்டில் தேங்கிய தண்ணீர் வழியாகவோ என்னவோ, என்னுடைய பழைய செடி மூன்றிலும் இப்போது அந்த வெள்ளைப் பஞ்சு. அந்த மூன்றுக்கும் விலை போடவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரமாகச் சில. வந்த அன்றே உருவிப் பாருங்கள், யார் என்ன சொன்னாலும். மண்ணை முழுக்கக் கழுவி, வலைப்பை இருந்தால் கத்தரித்து எடுத்துவிடுங்கள். செடியின் அடியில் பழுப்பாக, கெட்டியாக மரப்பட்டைபோல் இருந்தால் வயசு, பயமில்லை; அழுத்தினால் அமுங்கினால் அழுகல். மாமில்லேரியாவின் பஞ்சும் ஆஸ்ட்ரோஃபைட்டத்தின் வெள்ளைப் புள்ளியும் இயற்கை, ஆனால் பூச்சி ஒளிய அதைவிட நல்ல இடம் இல்லை, லென்ஸ் வைத்துப் பாருங்கள். பூச்சிக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு வையுங்கள், மெழுகு கரைந்து பூச்சி சாகும். அதன்பிறகு வெயிலில் வைக்காதீர்கள், தோல் கருகும். வேரை ஒரு வாரம் நிழலில் காயவிட்டு உலர்ந்த மண்ணில் நட்டு, இன்னொரு வாரம் கழித்துத்தான் தண்ணீர். தனியாக வையுங்கள், குறைந்தது ஆறு வாரம். பழைய மண்ணைக் கட்டிக் குப்பையில் போடுங்கள், இன்னொரு தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

மண் கலவை பற்றி இன்று முடியாது. மிச்சமிருக்கும் ஐந்து செடியும் பழைய மூன்றும் செய்தித்தாள்மேல் வேரை நீட்டிக்கொண்டு படுத்திருக்கின்றன, ஃபெரோகேக்டஸின் கழுத்தில் மறுபடி ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது.